கார்ல சின்ன ரிப்பேர்: நாமளே பண்றதா, தெரு மெக்கானிக்கா, மல்டி பிராண்டா, கம்பெனி சர்வீஸா?

பழைய மாருதி 800ல ஹெட்லைட் பல்பு போச்சுன்னா என்ன வேலைன்னு பாருங்க. பானட்டைத் தூக்கணும், பின்னாடி இருக்கற கப்ளரைப் புடுங்கணும், ரப்பர் மூடியை உரிச்சு எடுத்து கம்பி கிளிப்பை அமுக்கி விலக்கினா பல்பு கைல வந்துரும். புது எச்4 பல்பை கண்ணாடில விரல் படாம உள்ள வெக்கணும் (விரல் பிசுக்கு பட்டா அந்த இடம் மட்டும் சூடேறி சீக்கிரம் போயிடும்), கழட்டின வரிசைல திருப்பி மாட்டணும், அவ்ளோதான், 60/55 வாட் பல்பு இன்னைக்கும் சில நூறு ரூபாய்க்குள்ள கிடைக்குது. இப்போ வர்ற வண்டிங்க பலதுல பேட்டரி, ஏர் ஃபில்டர் பாக்ஸ், வாஷர் தண்ணி டேங்க்னு எல்லாமே ஹெட்லைட் முதுகோட ஒட்டிக்கிட்டு கிடக்கும், கையே நுழையாது. சிலதுல வீலைத் திருப்பி வெச்சு ஃபெண்டர் லைனரை (வீலுக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் மறைப்பு) கழட்டி அந்தப் பக்கமா கை விடணும், சிலதுல முன் பம்பரையே இறக்கணும், இறக்கும்போது அந்த பிளாஸ்டிக் கிளிப்புல ரெண்டு கண்டிப்பா உடையும். எல்இடின்னா பல்புங்கற பேச்சுக்கே இடமில்ல, பெரும்பாலும் முழு யூனிட்டா தான் மாத்தணும், நூறு ரூபா கணக்கு ஆயிரக் கணக்குக்குத் தாவிடும்.

இந்தக் கடுப்பு கார் வெச்சிருக்கற எல்லாருக்கும் இருக்கு. ஆனா பேச ஆரம்பிச்சா உடனே ரெண்டு கட்சியா பிரிஞ்சிடறாங்க, ஒண்ணு "கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கறான்", இன்னொண்ணு "வெளில விட்டா வண்டி காலி". என்னைக் கேட்டா எந்த பிராண்டு வண்டிங்கறதை வெச்சு இடத்தை முடிவு பண்றதே சரியில்ல, வேலையோட தொடக்கத்துலயோ முடிவுலயோ கம்ப்யூட்டர் வருதாங்கறதை வெச்சு தான் பண்ணணும். கைவேலை அப்படியொண்ணும் கஷ்டமாகிடல, 10, 12, 14 ஸ்பேனர் இருந்த இடத்துல கொஞ்சம் நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட் வந்திருக்கு, அவ்ளோதான். மாறினது என்னன்னா, வேலை முடிஞ்சதை இப்போ வண்டியும் ஒத்துக்கணும்.

முதல்ல ஈஸியானதை முடிச்சிடலாம். ஏசி கேபின் ஃபில்டர்: நாமளே பண்றது தான், இதுல போட்டியே இல்ல. நிறைய மாடல்ல டேஷ்போர்டு டப்பாவை ரெண்டு பக்கமும் உள்பக்கமா அமுக்கினா அது கீழ தொங்கும், பின்னாடி ஒரு மூடி, அதைத் திறந்து பழசை உருவிட்டு புதுசுல காத்து போற அம்புக்குறியைப் பார்த்து சொருகணும். கம்பெனில விட்டா ஃபில்டர் விலை, அதுக்கு லேபர், லேபர் மேல 18% ஜிஎஸ்டி, கூடவே ஏசி கிருமிநாசினின்னு ஒரு லைனும் பில்லுல வந்து நிக்கும். இன்ஜின் ஏர் ஃபில்டர், வைப்பர் பிளேடு, ரிமோட் சாவில போடற சிஆர்2032 பேட்டரி, இதெல்லாமும் அதே கணக்கு.

பேட்டரிக்கு நாலு பேர்ல யாருமே வேண்டாம், பேட்டரி கடைக்காரர் தான் ஜெயிப்பார். வீட்டுக்கே வந்து மாட்டிக் குடுத்துட்டு பழசுக்கு எக்ஸ்சேஞ்ச் விலையும் கழிச்சுடுவார். ஆனா ரெண்டு விஷயத்தை நாம தான் பார்த்துக்கணும். சிக்னல்ல தானா இன்ஜின் ஆஃப் ஆகற ஸ்டார்ட் ஸ்டாப் வண்டின்னா அதுல இருக்கறது இஎஃப்பி இல்லன்னா ஏஜிஎம் பேட்டரியா இருக்கும், விலை கம்மின்னு சாதா பேட்டரியைப் போட்டா அது சீக்கிரமே படுத்துரும். ரெண்டாவது, மைனஸ் டெர்மினலைக் கழட்டி மாட்டினதும் சில வண்டில ஒன் டச் ஜன்னல் கண்ணாடி வேலை செய்யாது, ஐடில் (வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடற வேகம்) கொஞ்சம் ஆடும், அதைப் பார்த்து பயந்துபோய் நேரா சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீங்க. கண்ணாடியை முழுசா ஏத்தி சுவிட்ச்சை சில செகண்டு அப்படியே இழுத்துப் புடிச்சா பெரும்பாலும் சரியாயிடும், ஐடில் கொஞ்ச தூரம் ஓட்டினதும் தானா கத்துக்கும். ஜெர்மன் வண்டிங்க சிலதுல மட்டும் புது பேட்டரி போட்டிருக்கோம்னு ஸ்கேனர் (வண்டியோட கம்ப்யூட்டர்கிட்ட பேசற மிஷின்) மாட்டி பதிவு பண்ணணும், பண்ணலன்னா பழைய பேட்டரின்னு நினைச்சுக்கிட்டே சார்ஜ் பண்ணிட்டிருக்கும்.

பிரேக் பேட்ல தான் இந்த விஷயம் முழுசா புரியும். முன் பக்கம் இன்னைக்கும் அதே பழைய வேலை தான். ஜாக்கி போட்டு ஸ்டாண்டு குடுத்து (வெறும் ஜாக்கியை நம்பி உள்ள கை விடாதீங்க) வீலைக் கழட்டி, பேடை டிஸ்க்கோட அழுத்தற காலிப்பர்ல கீழ் போல்ட்டை எடுத்து மேல தூக்கினா பேட் ரெண்டும் முன்னாடி நிக்கும், பழசை எடுத்துட்டு பிஸ்டனை சி கிளாம்ப் வெச்சு மெதுவா உள்ள தள்ளணும், தள்ளும்போது மேல பிரேக் ஆயில் டப்பா ததும்புதான்னு ஒரு கண்ணு வெச்சுக்கணும், ஸ்லைடு பின்னுக்கு அதுக்குன்னு இருக்கற கிரீஸைத் தடவி புதுசை வெச்சு மூடணும். வண்டியை நகத்தறதுக்கு முன்னாடி பெடலை நல்லா கெட்டியாகற வரைக்கும் அமுக்கணும், இதை மறந்தா முதல் பிரேக்குக்கு பெடல் தரை வரைக்கும் போகும். கை வேலை பழகினவங்க வீட்லயே பண்ணலாம், பழகலன்னா தெரு மெக்கானிக் போதும்.

இதே வேலை பின்னாடி டிஸ்க்கும் பட்டன் ஹேண்ட்பிரேக்கும் இருக்கற வண்டில வந்தா கதையே வேற. அங்க காலிப்பர் முதுகுல ஒரு குட்டி மோட்டார் இருக்கும், அது தான் உள்ள இருக்கற ஸ்க்ரூவைத் திருப்பி பேடை டிஸ்க்கோட அழுத்திப் புடிக்குது. ஸ்கேனர்ல சர்வீஸ் மோடு போட்டா மோட்டார் தானா பின்வாங்கி பிஸ்டனுக்கு வழி விடும், அது போடாம சி கிளாம்ப்பை வெச்சு அமுக்கினா உள்ள மெக்கானிசம் உடையறதுக்கு நிறைய வாய்ப்பிருக்கு, பேட் மாத்தப் போனவர் காலிப்பர் வாங்கிட்டு வர வேண்டியது தான். சில மாடல்ல ஸ்கேனரே இல்லாம பெடலையும் பட்டனையும் ஒரு வரிசைல அமுக்கினா சர்வீஸ் மோடு வரும், ஆனா அந்த வரிசையை நம்ம கைல குடுக்கற ஓனர் மேனுவல்ல தேடினா பொதுவா கிடைக்காது, ஒர்க்ஷாப் மேனுவல்ல தான் இருக்கும். எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் இதைப் பத்திக் கேட்டப்போ சொன்னார், "தம்பி, கழட்டி மாட்ட எனக்கு அரை மணி நேரம் போதும்ப்பா, ஆனா கழட்டறதுக்கு முன்னாடி வண்டிகிட்ட பர்மிஷன் வாங்கணுமே, அந்த மிஷின் எங்கிட்ட இல்லயே." முப்பது வருஷமா பிரேக் வேலை பார்க்கற மனுஷன். அதனால இந்த வேலைக்கு எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கற மல்டி பிராண்டு ஒர்க்ஷாப் தான் என் சாய்ஸ், லான்ச், ஆட்டெல் மாதிரி ஸ்கேனர் வெச்சிருப்பாங்க. கம்பெனியும் ஓகே தான், ஆனா பேட் மாத்தப் போனா டிஸ்க்கையும் சேர்த்து மாத்தணும்னு சொல்வாங்க, அப்போ டிஸ்க்கோட மினிமம் திக்னஸ் என்ன, இப்போ அளந்தா எவ்ளோ வருதுன்னு கேளுங்க, அந்த மினிமம் நம்பர் பெரும்பாலும் டிஸ்க்குலயே பொறிச்சிருக்கும். கேட்டதும் பாதி எஸ்டிமேட் தானா குறையறதைப் பார்த்திருக்கேன்.

அடுத்தது செக் இன்ஜின் லைட். இதுல நாலு வழியுமே சொதப்ப வாய்ப்பிருக்கு. ஸ்டீரிங்குக்கு கீழ முட்டிக்கு மேல ஸ்கேனர் மாட்டற 16 பின் ஓபிடி போர்ட் இருக்கும், அதுல சொருகற ஈஎல்எம்327 புளூடூத் அடாப்டர் ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது, போன்ல ஆப் போட்டா வண்டி பதிவு பண்ணி வெச்சிருக்கற பழுது கோட் வந்துரும். வாங்கி வெச்சுக்கோங்க, தப்பே இல்ல. ஆனா அது இன்ஜின், புகை சம்பந்தப்பட்ட பொதுவான கோடைத் தான் ஒழுங்கா காட்டும், ஏபிஎஸ், ஏர்பேக், பாடி கன்ட்ரோல் மாட்யூல் பக்கம்லாம் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது, "எனக்கு எந்த கோடும் வரல, வண்டி நல்லாருக்கு"ன்னு அதை நம்பி உட்கார்ந்துடக் கூடாது.

அதை விடப் பெரிய பிரச்சனை கோடைப் படிக்கறது. பி0171னு வந்தா பெட்ரோல் கம்மியா காத்து அதிகமா போகுதுன்னு தான் அர்த்தம், எந்த பார்ட் போச்சுன்னு அது சொல்லவே இல்ல. ஒரு பெரிய ஒர்க்ஷாப்ல இந்தக் கோடைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்னு எஸ்டிமேட்டை நீட்டினாங்க, கடைசில பார்த்தா காத்து போற ரப்பர் ஹோஸ்ல மடிப்புக்குள்ள ஒரு கீறல். கண்டுபிடிச்சது யாருன்னா, முன்னாடி கம்பெனில வேலை பார்த்துட்டு இப்போ தனியா ஷெட் போட்டிருக்கற ஒருத்தர். அவர் பண்ணதும் பெரிய மாயமில்ல, இன்ஜின் ஓடும்போதே ஸ்கேனர்ல வர்ற லைவ் டேட்டால ஃபியூவல் டிரிம்மை (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற அளவு) மட்டும் பார்த்தார். ஐடில்ல டிரிம் ஏகத்துக்கு ஏறியிருந்து, ஆக்ஸிலேட்டர் குடுத்து 2500 ஆர்பிஎம்ல வெச்சா இறங்கிடுதுன்னா எங்கயோ காத்து லீக். அப்படியே உல்டாவா, லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறுதுன்னா பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்கணும். உள்ள போற காத்தை நேரா அளக்கற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கற வண்டிக்கு தான் இந்தக் கணக்கு நல்லா செட் ஆகும், காத்தழுத்தத்தை அளக்கற மேப் சென்சார் மட்டும் இருக்கற சின்ன வண்டில லீக் வேற மாதிரி காட்டும். நான் சொல்ல வர்றது, ஸ்கேனர் வெச்சிருக்கறவர் வேற, ஸ்கேனர்ல வர்றதைப் படிக்கத் தெரிஞ்சவர் வேற. மல்டி பிராண்டு செயின்ல நமக்கு மாட்டறது யாருன்னு அதிர்ஷ்டம் தான், நல்ல பையன் இருப்பான், அடுத்த சர்வீஸுக்குப் போனா வேலையை விட்டுட்டுப் போயிருப்பான்.

சாவியைப் பத்தி ரெண்டு வரி. முன்னாடி மரத்தடி சாவிக்காரர் அறுத்துக் குடுத்தா கார் ஸ்டார்ட் ஆயிடும், இப்போ சாவிக்குள்ள இருக்கற சிப், வண்டில இருக்கற இம்மொபிலைசரோட (திருட்டுத் தடுப்பு பூட்டு) ஜோடி சேரணும். ஒரு சாவி கைல இருக்கும்போதே வெளில புரோகிராம் பண்ணி ரெண்டாவது வாங்கிக்கறது சல்லிசு, ரெண்டும் தொலைஞ்சப்புறம் ஆர்சி காப்பியைத் தூக்கிட்டு கம்பெனிக்கு அலையறது தான் செலவு.

இவ்ளோ சொன்னதால கம்பெனி சர்வீஸ் வேண்டாம்னு நினைச்சுக்காதீங்க. ஏர்பேக், ரீகால், சாஃப்ட்வேர் அப்டேட், கேமரா இருக்கற முன் கண்ணாடியை மாத்தினப்புறம் பண்ற காலிபிரேஷன், வாரண்டில இருக்கற இன்ஜின் கியர்பாக்ஸ், இதுக்கெல்லாம் கண்ணை மூடிட்டு அங்க தான் போகணும். விக்கும்போது சர்வீஸ் ரெக்கார்டுக்கும் மதிப்பு இருக்கு. இன்ஜின் ஃபிளஷ், த்ராட்டில் கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங்னு அட்வைசர் அடுக்கும்போது மட்டும், ஜாப் கார்டுல என்ன எழுதியிருக்கோ அதைத் தவிர கேக்காம எதையும் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு கையெழுத்துப் போடுங்க.

"வெளில தொட்டா வாரண்டி போச்சு"ங்கற மிரட்டலுக்கு ஒரு பதில் இருக்கு. 2014 ஆகஸ்ட்ல நம்ம காம்பெடிஷன் கமிஷன் 14 கார் கம்பெனிங்களுக்கு சேர்த்து 2,544 கோடி ரூபா சொச்சம் அபராதம் போட்டுச்சு. காரணமே இது தான்: ஸ்பேர் பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் டூலையும் வெளி மார்க்கெட்டுக்கு விடாம வெச்சுக்கிட்டது. வெளில ரிப்பேர் பண்ணிட்டாங்கன்னு ஒட்டுமொத்தமா வாரண்டியை ரத்து பண்ணக் கூடாது, வெளி வேலையால கெட்டுப்போன பகுதிக்கு மட்டும் மறுக்கலாம்னு அந்த ஆர்டர்ல இருக்கு. கம்பெனிங்க மேல்முறையீட்டுக்குப் போனாங்க, கேஸ் இழுத்துச்சு. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் துறை ரைட் டு ரிப்பேர் போர்ட்டல் ஒண்ணு தொடங்கினாங்க, கார் பைக்கும் அதுல ஒரு பிரிவு. ஆனா என் வண்டிக்கு ஒர்க்ஷாப் மேனுவலும் டூலும் குடுன்னு கேட்டா கைல கிடைக்கற நிலைமை இன்னும் வரல.

சென்னைல இருக்கறவங்களுக்கு இதுல இன்னும் கொஞ்சம் கடுப்பு ஜாஸ்தி. பாடில பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் இருக்கு, பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கார் கம்பெனிங்களுக்கு செஞ்சு அனுப்பறாங்க. அப்படி நம்ம ஊர்ல இருந்தே போற சாமான், கார் கம்பெனி டப்பால வரும்போது ஒரு விலை, செஞ்சவங்க டப்பாலயே ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜிபி ரோட்ல கிடைச்சா வேற விலை, சில மாடலுக்கு ரெண்டாவது டப்பா கிடைக்கவே கிடைக்காது. கிடைக்குதுன்னா அதையே வாங்கி மெக்கானிக்கிட்ட குடுங்க, அது லோக்கல் பார்ட் இல்ல. புதுப்பேட்டைல கழட்டின சாமான் வாங்கறதுன்னா கண்ணாடி, டோர் ஹேண்டில், பம்பர் வரைக்கும் சரி, பிரேக்கும் ஸ்டீரிங்கும் அங்க வாங்காதீங்க.

வெளி மெக்கானிக்கைத் தடுக்கற பூட்டு இருக்கறது சாஃப்ட்வேர்ல தான்ங்கறதுக்கு ஃபோர்டை விட நல்ல உதாரணம் கிடைக்காது. மறைமலை நகர்ல வண்டி செஞ்ச கம்பெனி, 2021 செப்டம்பர்ல இந்தியால தயாரிப்பை நிறுத்தறோம்னு சொன்னப்போ ஓனருங்க எல்லாம் வண்டி இனி பழைய இரும்புன்னு பயந்தாங்க. ஆனா ஃபோர்ஸ்கேன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, லேப்டாப்பும் ஒரு சுமாரான அடாப்டரும் இருந்தா ஏபிஎஸ், ஏர்பேக் வரைக்கும் எல்லா மாட்யூலையும் படிக்கும், சர்வீஸ் வேலைகளும் பண்ணும். அது கைல இருக்கற ஒரு சின்ன ஷெட்டு மெக்கானிக், ஃபிகோ, ஈகோஸ்போர்ட்டுக்கு தைரியமா கை வெக்கறார். வோக்ஸ்வேகன், ஸ்கோடாக்கு விசிடிஎஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கற மாதிரி. இந்த மாதிரி டூல் வெளில கிடைக்காத பிராண்டுல அதே மெக்கானிக் கையைக் கட்டிட்டு நிக்கறார்.

அதனால வாரண்டி முடிஞ்ச வண்டிக்கு நான் கம்பெனில இருந்து வெளில வந்து தனியா ஷெட் வெச்சிருக்கறவரைத் தான் தேடுவேன். வண்டியைக் கொண்டுபோறதுக்கு முன்னாடி போன்லயே கேட்டுடுங்க: அண்ணே, ஸ்கேனர் இருக்கா, அதுல என் மாடல், என் வருஷம் வருதா, அப்டேட் கடைசியா எப்போ போட்டீங்க, கோடு மட்டும் தான் வருமா இல்ல சர்வீஸ் மோடும் லைவ் டேட்டாவும் வருமா, பார்ட் நான் வாங்கிட்டு வந்தா லேபர் எவ்ளோ. "அதெல்லாம் கொண்டு வாங்க சார் பார்த்துக்கலாம்"னு சொன்னா வேற நம்பர் தேடுங்க.