வட்டமாகப் போட்ட பத்து நாற்காலிகள்: ஒரு மனநல வார்டின் குழு சிகிச்சை குறித்து

கடுமையான மனச்சோர்வுக்காக ஒரு மனநல மருத்துவமனையின் உள்நோயாளிப் பிரிவில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். அங்கே தந்த மருந்துகளைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வாரத்தில் நான்கு நாட்கள் நடந்த குழு சிகிச்சையைப் பற்றியும், அதைத் தாங்கி நின்ற வார்டுச் சூழலைப் பற்றியும் மட்டும், அப்படியோர் இடத்தில் தம்மையோ தம் குடும்பத்தாரையோ சேர்க்கலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பத்து நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். எட்டு நோயாளிகள், இரண்டு செவிலியர்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருப்பார். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது, ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது, பேச விருப்பமில்லாதவர் பேசாமல் இருக்கலாம் என்ற விதிகளை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். முதல் நான்கு அமர்வுகளில் நான் வாய் திறக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஐந்தாவது அமர்வில், என் தந்தை வயதுடைய ஒருவர், பின்னிரவில் விழித்துக்கொண்டு விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடப்பதைப் பற்றிச் சொன்னபோது, "எனக்கும் அப்படித்தான்" என்ற சொற்கள் என்னை அறியாமல் வெளிவந்தன. குழு சிகிச்சையில் குணமளிக்கும் கூறுகள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் பட்டியலிட்ட 11 கூறுகளில், இந்தத் துன்பம் தனக்கு மட்டுமானதன்று என்று உணர்வதும் ஒன்று எனப் பின்னாளில் படித்தேன்.

அந்த இடத்தில் செவிலியர் செய்ததைத்தான் இந்தச் சேவையின் மிகப் பெரிய சிறப்பு என்பேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரையும் கூறவில்லை. வட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "இதைக் கேட்டபோது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று மற்றவர்களிடம் கேட்டார். பலர் முன்னிலையில் ஒருவருக்குக் கவுன்சலிங் கொடுப்பதும் குழு சிகிச்சையும் ஒன்றல்ல என்பது எனக்கு அந்தக் கேள்வியில்தான் விளங்கியது. பதில்கள் எல்லாம் நயமாக வந்துவிடவில்லை. ஒரு பெண் எழுந்து வெளியேறப் போனார். ஆனாலும் அன்று எனக்குக் கிடைத்த பதில்களைப் பட்டறிந்தவர்கள் தந்தார்கள்.

அமர்வு ஒரு மணி நேரம்தான். நாளின் மற்ற நேரமெல்லாம் வார்டில் கழிகிறது. அந்த நேரத்தையும் சிகிச்சையாக்க முடியும் என்ற எண்ணம் பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மாக்ஸ்வெல் ஜோன்ஸ், நோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவக்கூடியவர்கள் என்பதைக் கண்டு, வார்டின் அன்றாட வாழ்க்கையையே சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். நான் இருந்த வார்டில் அதன் சாயலைக் காண முடிந்தது. காலையில் நோயாளிகளும் ஊழியர்களும் சேர்ந்து உட்காரும் வார்டுக் கூட்டத்தில், தொலைக்காட்சியை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பது முதல் யார் எந்தப் பொறுப்பை ஏற்பது என்பது வரை பேசி முடிவெடுத்தோம். கூர்மையான பொருட்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காரணத்தையும் முகம் பார்த்துச் சொன்னார்கள்.

ஓர் இரவு தூக்கம் வராமல் நடந்துகொண்டிருந்தேன். இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் எதுவும் கேட்காமல் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஷிஃப்ட் மாறும்போது அவர் அதைத் தெரிவித்திருக்கிறார். மறுநாள் குழுவை நடத்தியவருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் அவர் குழுவில் அதை எடுக்கவில்லை. அமர்வு முடிந்தபின் தனியாக அழைத்து, "விருப்பமிருந்தால் நாளைக்கு நீங்களே சொல்லலாம்" என்றார். தகவலைக் கைமாற்றுவதும், அதைச் சொல்லும் உரிமையை நோயாளியிடமே விட்டுவைப்பதும் ஒருசேர நடந்ததை நான் மறக்கவில்லை.

குறைகளும் இருந்தன, அவை சிறியவை அல்ல. நான்காவது வாரத்தில் பக்கத்து வார்டு நோயாளிகளையும் சேர்த்ததால் நாற்காலிகள் பதினாறாயின. எட்டுப் பேர், அதிகம் போனால் பத்துப் பேர் என்ற அளவைத் தாண்டினால், பேசுபவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். அவ்வாறே ஆனது. மிகை எழுச்சி நிலையில் (மேனியா), அதாவது அளவுகடந்த உற்சாகத்திலும் படபடப்பிலும் இருந்த ஓர் இளைஞரையும் உட்கார வைத்தார்கள். அத்தனை குரல்கள் அவரை மேலும் கிளர்த்தின. அவர் அடங்கும்வரை காத்திருந்து பிறகு சேர்த்திருந்தால் அவருக்கும் அது நன்மையாக இருந்திருக்கும். வழக்கமாக நடத்துபவர் விடுப்பில் போன வாரத்தில், மாற்றாக வந்தவர் கரும்பலகையில் நோயின் அறிகுறிகளை எழுதி வகுப்பெடுத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் எந்த நிகழ்ச்சியும் இல்லை. எனக்கு மிகக் கடினமாக இருந்தவை அந்த நாட்கள்தாம்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. ஒரு காலை, கூரையைப் பார்த்துக் கிடப்பதாகச் சொன்ன அந்தப் பெரியவரின் நாற்காலி வெறுமையாக இருந்தது. முந்தைய மாலையே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார் என்று கேட்டபிறகுதான் சொன்னார்கள். பிரிவைப் பேசி முடிப்பது குழு சிகிச்சையின் கடைசிக் கட்டம். இழப்பால் நோயுற்று வந்தவர்களுக்கு நடுவில் ஒருவர் சொல்லாமல் மறைவது காயத்தைக் கீறுவதாகும். இதை வார்டுக் கூட்டத்தில் எழுப்பினேன். தலைமைச் செவிலியர் தவற்றை ஒப்புக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து வீடு திரும்புபவரின் பெயரை இரண்டு நாள் முன்பே பலகையில் எழுதினார்கள். என் பெயரும் அப்படி எழுதப்பட்டது.

நான் இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் எந்த மருத்துவமனையானாலும், சேர்வதற்கு முன், குழுவை நடத்துபவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவரா, ஒரு குழுவில் எத்தனை பேர், வார்டுக் கூட்டத்தில் நோயாளிகள் முடிவெடுப்பது உண்டா, விடுமுறை நாட்களில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கிறது" என்ற பதிலோடு நின்றுவிடாமல், வாராந்திர அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள்.