சித்தி குடித்த சூப்பில் மாசி

வெள்ளிக்கிழமை பார்த்து யப்பான் கடைக்குப் போனது எங்கள் பிழைதான், அதை முதலே சொல்லிவிடுகிறேன். தங்கச்சியின் விசா அலுவலாகக் கிளிநொச்சியில் இருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போயிருந்தோம், சித்தியும் கூட. அங்கே மச்சான் ஒருவர் இருக்கிறார், மூன்று வருடம் யப்பானில் வேலை செய்துவிட்டு வந்தவர். "சுஷி எல்லாம் வேண்டாம், அங்கே நான் தினமும் சாப்பிட்டதைக் காட்டுகிறேன்" என்று ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் தெய்ஷொகு. சோறு, மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த சூப், மீனோ கோழியோ ஒன்று, சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊறுகாயும் ஒரு மரக்கறியும், எல்லாம் ஒரே தட்டத்தில் ஒன்றாக வரும். ஒரு சூப், மூன்று கறி என்பது அவர்களுடைய பழைய கணக்காம். யோசித்தால் நம் மத்தியானச் சாப்பாடுதான், சொதியும் பொரியலும் சம்பலும் மாதிரி, ஆனால் குழைக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் நான் சூப்பைச் சோற்றில் ஊற்றப் போக, மச்சான் கையைப் பிடித்துவிட்டார்.

நான் எடுத்தது சபா மீன். ரின் மீன் பேணியில் மக்கரல் என்று எழுதியிருக்குமே, அந்தச் சாதி. வெறும் உப்புப் போட்டு நெருப்பில் வாட்டியிருந்தார்கள். தோல் கருகிக் கொப்புளித்து, குச்சியால் அழுத்தினதும் நொறுங்கியது, அடியில் எண்ணெய் கசிகிற வெள்ளைச் சதை. பக்கத்தில் துருவின முள்ளங்கி ஒரு பிடி, அதில் இரண்டு சொட்டு சோயா சோஸ் விட்டு மீனோடு எடுத்தால் திகட்டாது. மிளகாயும் புளியும் இல்லாமல் மீன் இப்படி ருசிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தங்கச்சியின் கோழி கட்சு சுமார், பெரிய கட்லட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோறு ஒட்டும். குழைந்துபோச்சு என்று சித்தி முகம் சுளித்தார், பிறகு பார்த்தால் குச்சிக்கு அதுதான் வசதி. ஆனால் வயல்காரருக்கு அந்தக் கிண்ணம் எந்த மூலைக்குக் காணும்? யப்பானில் பல கடைகளில் சோறு திரும்பத் திரும்பச் சும்மா போடுவார்களாம், இங்கே இரண்டாவது கிண்ணத்துக்குத் தனிக் காசு. ஒரு செட் 2,800 ரூபா, அதற்கு மேல் சேர்விஸ் சார்ஜ் 10 வீதம். மெனுவில் அது எங்கேயோ எறும்பு எழுத்தில் கிடந்தது.

சரி, சூப். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத விரதக்காரச் சித்திக்கு டோஃபு, அதாவது சோயாப் பால் கட்டி, செட் சொன்னோம், சூப்பும் மரக்கறியா என்று பரிமாறின பெடியனிடம் கேட்டோம், ஓம் என்றான். கலங்கின குளம் தெளிகிற மாதிரி மிசோ மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டி இல்லை, கிண்ணத்தைத் தூக்கி வாயில் வைத்துத்தான் குடிக்க வேண்டும். சித்திக்குப் பிடித்துப்போய் என்னுடையதையும் வாங்கிக் குடித்தார். இடையில் வெளியில் போய்ப் போன் கதைத்துக்கொண்டிருந்த மச்சான் வந்து, இரண்டு வெறுங்கிண்ணத்தையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: அந்தத் தண்ணீர் வழமையாகக் காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது, நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன். பெடியன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தலையைச் சொறிந்தான். விரதக்காரர் யாரும் போனால் சமைக்கிறவரிடமே கேளுங்கள்.

சித்தி கோபப்பட்டது பெடியனில் இல்லை. "குடிச்சு முடிஞ்ச பிறகு ஏன் தம்பி சொன்னனீ?"