ஒட்டு அத்தி வாங்கப் போறீங்களா, இதை ஒரு தடவை படிச்சிட்டு போங்க

போன கார்த்திகை மாசம் மதுரை அவுட்டர்ல ரோட்டோர நர்சரி ஒண்ணுல 3 அத்திக் கன்னு வாங்குனேன், ஒண்ணு 750 ரூபா. பேர் போடலங்க, கைல பில்லு இல்லாம பேர் போட்டு வம்புல மாட்ட விரும்பல. டர்க்கி பிரவுன்ங்கற சீமை அத்தி ரகம், ஒட்டுக்கன்னு (நாட்டு அத்தி வேர்ச்செடி மேல சீமை அத்திக் குச்சிய கட்டி ஒட்ட வச்சது), ஆறே மாசத்துல காய் உங்க வாய்லன்னாரு.

ஒண்ணு போதும்னுதான் போனேன். "சார் இதுல ஆண் பொண்ணு இருக்கு, ஆண் மரம் பக்கத்துல இல்லன்னா காய் எல்லாம் பிஞ்சுலயே கொட்டிரும், 2 பொண்ணு 1 ஆண் வச்சுக்கங்க"ன்னு சொல்லி மூணு தலைல கட்டிட்டாரு. முழுப் பொய்யும் இல்ல, அதான் கொடுமையே. ஸ்மிர்னான்னு ஒரு ரகத்துக்கு ஆண் மரத்துல இருந்து ஒரு குட்டிக் குளவி மகரந்தம் கொண்டு வரணும், ஆனா நம்ம ஊர்ல வீட்டுல வைக்கிற டர்க்கி பிரவுன், பூனா அத்தி எல்லாம் தனியா நின்னாலே காய்க்கும். இதெல்லாம் காசு போனப்புறம் தேடித் தேடி தெரிஞ்சுக்கிட்டது.

கன்னுல ஒரு இலை கூட இல்ல, ஒட்டுப் போட்ட இடத்துல பிளாஸ்டிக் டேப், அதுக்கு மேல ஒரு சாண் குச்சி, அவ்ளோதான். கேட்டா குளிர்ல இலை கொட்டும் சார்ங்கறாரு. குளிர் ஊர்ல கொட்டும் சரி, மதுரைல எங்கய்யா குளிருன்னு நான் கேட்டிருக்கணும். நம்பலன்னு நெனச்சாரு போல, பட்டைய நகத்தால கீறி பால் வர்றத காட்டுனாரு, பாருங்க ஒரிஜினல்னு. அரசு ஆலு கூடத்தான் பால் வடியும், அது எனக்கு அப்ப தோணவே இல்ல.

தை பொறக்குறதுக்குள்ள மூணும் துளிர்த்துச்சு, நானும் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப் பூரா போட்டேன். பொங்கலுக்கு வந்த அப்பத்தா செடிய ஒரு பார்வை பாத்துட்டு "ஏப்பா, ஆத்தங்கரைல கெடக்குற நாட்டு அத்திய காசு குடுத்தா வாங்கியாந்த"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சுருக்குன்னுச்சு. உடனே போய் குனிஞ்சு பாத்தா துளிர் எல்லாம் டேப்புக்கு கீழ இருந்து வந்திருக்கு, மேல இருந்த குச்சிய வளைச்சா பட்டுன்னு ஒடையுது, உள்ள காஞ்சு சருகு. ஒட்டு எப்பவோ செத்துப் போச்சு, அடில இருந்த நாட்டு அத்தி வேர்க்கன்னு மட்டும் தழைச்சிருக்கு. சீமை அத்தி இலை கை விரிச்ச மாதிரி 3, 5 பிரிவா இருக்கும், தடவுனா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். நாட்டு அத்தி இலைல பிரிவே கிடையாது, நீட்டமா இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா 2250 ரூபா தப்பிச்சிருக்கும். நான் அதுல ரெண்ட காம்பவுண்டு சுவர்ல இருந்து 4 அடில நட்டு வச்சிருந்தேன், நாட்டு அத்தி எவ்ளோ பெரிய மரமாகும்னு ஊர்ப்பக்கம் பாத்தவங்களுக்கு தெரியும்.

இதோட முடிஞ்சிருந்தா கூட பரவால்ல. அதே ஆளுகிட்ட ரெடிமிக்ஸ் மண்கலவை 10 மூட்டை, மூட்டை 280ன்னு வாங்கி அத்திக்குழிலயும் காய்கறி பாத்திலயும் கொட்டிட்டேன். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவுன்னு சொன்னாரு. தண்ணி ஊத்த ஊத்த பூச்சுக்காரை துண்டு, செங்கல் பொடி எல்லாம் மேல வருது, ஒரு கட்டிய எடுத்து எலுமிச்சை புழிஞ்சா நுரைக்குது, அவ்ளோ சுண்ணாம்பு. மாசியில தக்காளி, கத்திரி ரெண்டும் மதியமானா துவண்டு விழும், சாயங்காலம் எந்திரிக்கும். தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துனேன், முட்டாத்தனம். ஒண்ண பிடுங்கி பாத்தா வேர் பூரா முடிச்சு முடிச்சா இஞ்சி மாதிரி வீங்கியிருக்கு. நூற்புழு, அதாவது மண்ணுல இருந்து வேருக்குள்ள புகுற கண்ணுக்குத் தெரியாத புழு. (அவரை, தட்டப்பயறு வேர்ல வர்ற முடிச்சோட குழப்பிக்காதீங்க, அது நல்லது, விரலால தட்டுனா உதிரும். இது வேரே வீங்குனது, உதிராது.) ஃப்ரெண்டு குடுத்த பூனா அத்திப் போத்து (வெட்டுன குச்சி) ஒண்ண தொட்டில வேர் பிடிக்க வச்சு இதே மண்ணுல நட்டிருந்தேன், அதுவும் போச்சு, அதே முடிச்சு. பழைய பாத்தில என் மண்ணுலயே நிக்கிற கத்திரிக்கு ஒண்ணுமே இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா அந்த மூணு நாட்டு அத்தி மட்டும் அதே மண்ணுல ஜம்முன்னு நின்னுச்சு. நாட்டு அத்தி வேர் நூற்புழுவ தாங்கும், அதுக்காகத்தான் அதுல ஒட்டே கட்டுறாங்க.

போன் பண்ணா மொத வாரம் "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க சார்", ரெண்டாவது வாரம் "மாத்தி தர்றேன் வாங்க", நேர்ல போனா ஆள் இல்ல, அப்புறம் பிளாக். நுகர்வோர் புகார் நம்பர் 1915க்கு அடிக்கலாம்னு பாத்தா பில்லு இல்ல, ஜிபேல வேற யாரோ பேருக்கு போயிருக்கு. பில்லு கேட்டு வாங்குங்க, துண்டு சீட்டா இருந்தாலும் ரகம் பேர் எழுதி வாங்குங்க. டேப்புக்கு மேல ரெண்டு இலையாவது இல்லாத கன்ன தொடாதீங்க. மண்ணு வாங்குனா ஒரு மூட்டை வாங்கி தொட்டில தக்காளி போட்டு ஒன்றரை மாசம் கழிச்சு வேர பிடுங்கி பாத்துட்டு மிச்சத்த வாங்குங்க.

பாத்திய சித்திரை வெயில்ல நல்லா நனைச்சு, கண்ணாடி மாதிரி தெரியுற பாலிதீன் ஷீட்ட மூடி ஓரத்துல மண்ணு போட்டு 6 வாரம் விட்டேன், அப்புறம் வேப்பம்புண்ணாக்கு போட்டு கேந்தி (செண்டுமல்லி) நட்டிருக்கேன். நூற்புழு மொத்தமா போயிருமான்னா போகாது, குறையும்.

அத்திய வெட்டவான்னு கேட்டா அப்பத்தா விடல, அத்திக்காய்ல பொரியல் வைக்கலாம்ங்குது. சரின்னு சுவரோரம் இருந்த ரெண்ட மட்டும் எடுத்துட்டேன். மூணாவதுல ஃப்ரெண்டு வீட்டு பூனா அத்திக் குச்சிய நானே ஒட்டுக் கட்டப் போறேன், கத்தியும் டேப்பும் வாங்கி வச்சாச்சு.