வி-கிராஸுக்குப் பெரிய டயர்: 41,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

வண்டி 2018 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் அணக்கரைக்கு அந்தப் பக்கம். வாரத்தில் நாலு நாள் கம்பம்மெட்டு மலைச்சாலையில் ஏறி இறங்கியாக வேண்டும். தார் ரோட்டை விட்டுப் பிரிந்த பிறகு தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் அதைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான்.

கம்பெனி கொடுத்த டயர் 245/70 R16: அகலம் 245 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். 2021-இல் அது தேய்ந்ததும், சஸ்பென்ஷனில் கை வைக்காமல் 265/70 R16 ஆல்-டெரெய்ன் (தார், மண் இரண்டுக்குமான டயர்) போட்டேன். ரிம் பழையதே. காரணம் ரொம்பச் சின்னது. பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டி, டிஃபரன்ஷியல், பாதையில் ஒரே ஒரு பாறையில் ஒவ்வொரு முறையும் 'டங்'கென்று இடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் முப்பது வருடமாக எஸ்டேட் ஜீப் ஓட்டும் ஒரு அண்ணன், டயர் மாட்டிய அன்றைக்கே கேட்டார்: "ஏந்தம்பி, டயரு பெருசானா வண்டி ஒசந்துருமா? ஒரு விரக்கடைதான் ஒசரும், அதையும் மட்கார்டுகிட்ட திருப்பிக் குடுக்கணும்."

அப்போது சிரித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. பழைய டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ., புதியது 777. வித்தியாசம் 28. அதில் பாதிதான் ஆக்ஸிலுக்குக் கிடைக்கும், அதாவது 14 மி.மீ. பாடியும் அதே 14 ஏறும். ஆனால் டயரின் தலை 28 ஏறுகிறது. ஸ்பிரிங் பழையதே என்பதால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த இடம் 14 மி.மீ. குறைந்துவிடுகிறது. முன்பு முன் சக்கரத்துக்கு மேல் நாலு விரலைத் தாராளமாக நுழைப்பேன். இப்போது நாலாவது விரல் இடிக்கிறது.

உரசல் முதல் வாரமே தெரிந்தது. ஆள் இல்லாமல், சமதரையில் ஒன்றுமே இல்லை. நாலு மூட்டை உரமும் மூன்று ஆளுமாகக் கொண்டை ஊசி வளைவில் முழுசாக ஒடித்தால், இடது முன் சக்கரத்துப் பக்கம் 'சர்ர்' என்று சத்தம். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். மட்கார்டின் உள் பிளாஸ்டிக் முழுக்கச் சேறு, கீழ்ப்பக்கப் பின் மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கழுவித் துடைத்த மாதிரி பளபளப்பு. மட்ஃப்ளாப்பைப் பின்னால் தள்ளி மாட்டி, பிளாஸ்டிக்கை ஹீட் கன்னில் இளக்கி உள்ளே அமுக்கினதும் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசியோடு மூன்றரை வருடமாகக் குடித்தனம். இதற்கு மேல் ஒரு சைஸ், 265/75, போடச் சொல்லிக் கடையில் ஆசை காட்டினார்கள். விட்டம் 804 வருகிறது. பாடியைத் தூக்கி வைக்கும் லிஃப்ட் கிட் இல்லாமல் அதை நினைக்கவே வேண்டாம்.

மலை ஏற்றத்தில்தான் உண்மையான விலை. டயர் கிட்டத்தட்ட 4 சதவீதம் பெரிசானால் எல்லா கியரும் அந்த அளவுக்கு இழுவை குறைந்த மாதிரிதான். எடையும் சேர்ந்துகொண்டது. ஏலக்காய் ஸ்டோரில் இருந்த எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன்: பழைய டயர் 14 கிலோ, புதியது 19. முன்பு மூன்றாவது கியரில் முனகிக்கொண்டே ஏறிய இரண்டு திருப்பங்களில் இப்போது இரண்டாவது கேட்கிறது. இறங்கும்போது இதைவிடக் கவனம் வேண்டும். இரண்டாவது கியரில் விட்டால் இஞ்சின் முன்போலப் பிடித்து வைப்பதில்லை, கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. முன் பிரேக் பேடை வழக்கத்தைவிடச் சீக்கிரமே மாற்ற வேண்டி வந்தது.

ஸ்பீடோமீட்டர் விஷயம் வேடிக்கை. முன்பு முள் 60 காட்டினால் ஜி.பி.எஸ். 56 என்றது, இப்போது 58 என்கிறது. அந்த வகையில் வண்டி உண்மை பேசக் கற்றுக்கொண்டது. ஆனால் ஓடோமீட்டர் குறைத்து எண்ணுகிறது: 41,000 காட்டுகிற இடத்தில் பழைய டயராக இருந்தால் 42,500 காட்டியிருக்கும். மைலேஜ் 12.5-இலிருந்து 11.2-க்கு இறங்கிவிட்டது என்று முதலில் பதறினேன். இந்தத் திருத்தம் போட்டால் 11.6 வருகிறது. பாதி வருத்தம் குறைந்தது.

காற்று விஷயத்தில் ஆறு மாதம் தடுமாறினேன். 40 பவுண்டு வைத்தால் மாட்டுவண்டிக் குலுக்கல், 28-இல் ஸ்டியரிங் கனத்தது. கடைசியில் சாக்பீஸை டயரின் குறுக்கே கோடாகத் தேய்த்து நூறு மீட்டர் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரம் மட்டும் அழிந்தால் குறைவு. எனக்குக் காலி வண்டிக்கு 32, சுமைக்குப் பின்னால் 38 என்று நின்றது. அலைன்மென்ட்டைத் தள்ளிப்போட்ட சோம்பலுக்கு முன் டயர்களின் உள்ஓரம் பலி. அது டயரின் குற்றமில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்திய வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். சோதனையில் என்னை யாரும் இதுவரை கேட்கவில்லை என்பது உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது.

சரி, லாபம் என்ன? சேற்றில் பிடிப்பு அபாரம். முன்பு 4-லோ (நாலு சக்கர இழுவையில் மெதுவான, பலமான கியர்) போட்டு உறுமிய ஏற்றத்தை இப்போது 4-ஹையில் (அதன் சாதாரண வேக கியர்) முடிக்கிறேன். கூர்க்கல்லில் பக்கச்சுவர் கிழிந்தது ஒருமுறைகூட இல்லை. ஆனால் இதெல்லாம் டயரின் பட்டனும் (தரையைக் கடிக்கும் கட்டைகள்) ரப்பரும் தந்தது, சைஸ் தந்ததல்ல. அந்தப் பாறை? இன்னும் இடிக்கிறது, 'டங்' போய் 'டொக்' ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். போன மாசிதான் ஒரு கடப்பாரையோடு போய் அதன் தலையைத் தட்டிவிட்டேன். அரை நாள் வேலை.

அடுத்த செட் அதே 245/70, ஆல்-டெரெய்னில். இந்த முறை நாலு இல்லை, ஐந்து. ஸ்டெப்னி இன்னும் பழைய சைஸ்தான். ஒரு தடவை பஞ்சராகி அதைப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் பெரிசும் ஒரு பக்கம் சிறிசுமாக, தார் ரோட்டில் 4-வீல் போடப் பயந்து வீடுவரை நாற்பதிலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஸ்டெப்னியின் பக்கச்சுவரில் 2218 என்று குத்தியிருக்கிறது, தயாரித்த தேதி: 2018-இன் 22-ஆவது வாரம். ரப்பர் முடி பாதி இன்னும் உதிரவில்லை, ஆனால் நகத்தால் அழுத்தினால் கல்லாக இருக்கிறது.