தீர்ந்துபோகும் வளம், திரும்ப வரும் வளம்

நிலக்கரியின் பெரும்பகுதி சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகளில் புதைந்த தாவரங்களிலிருந்து உருவானது. நாம் எரிக்கும் வேகத்துக்கு இயற்கையால் ஈடுகொடுக்க முடியாது. சூரிய ஒளியையும் காற்றையும் இன்று எவ்வளவு பயன்படுத்தினாலும் நாளைய வரவு குறையாது. இதுவரை வேறுபாடு எளிது.

எனக்குக் கவலை தருபவை காடு, மீன், நிலத்தடி நீர். இவை புதுப்பிக்கக்கூடியவைதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எடுக்கும் வேகம் வளரும் வேகத்தைத் தாண்டக் கூடாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் பல நூற்றாண்டுகள் ஏராளமாகக் கிடைத்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து அள்ளியதில் மீன்வளம் சரிந்தது. 1992இல் அரசு வணிக மீன்பிடிப்பை நிறுத்தியது. அந்தத் தடை 30 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. எண்ணெய்க்காவது மாற்று உண்டு; வற்றிய நிலத்தடி நீருக்கு எதைத் தேடுவது? அதனால் இந்த வகைக்குத்தான் முதல் காவல் தேவை என்பேன்.

உலோகத் தாதுவும் மீண்டும் விளையாது. ஆனாலும் அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம். தாதுவிலிருந்து எடுக்கத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 5% போதும். எரிந்துபோன பெட்ரோலுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.