புல்வெட்டும் மிஷினைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மரத்தடியில் புல் முழங்காலுக்கு வந்துவிடும். விழுந்த தேங்காயைக் காலால் துழாவித்தான் எடுக்க வேண்டும். வெட்ட ஆள் கிடைப்பதில்லை என்பதால் மூன்று வருடங்களுக்கு முன்பு 9,500 ரூபாய் கொடுத்து ஒரு பிரஷ் கட்டர் வாங்கினேன். 52 சிசி, டூ ஸ்ட்ரோக். அந்த மிஷினில் செய்யாத வேலைக்காக இப்போது 5,980 ரூபாய் அழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரியில் மூலையில் சாய்த்து வைத்த மிஷினை ஜூனில் எடுத்தேன். சோக்கைப் போட்டு, பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பை அமுக்கி, கயிற்றை இழுத்தால் ஒரு இருமல்கூட இல்லை. நாற்பது முறை இழுத்திருப்பேன். தோள்பட்டை வலிதான் மிச்சம். டெம்போவில் போட்டு டவுனில் உள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைப் பையன் மேல் கவரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கைத் திருகும் ஸ்பானரை வைத்து ஏதோ செய்தான். பிறகு கயிற்றின் பிடியை என் கையில் கொடுத்து, “நீங்களே இழுத்துப் பாருங்கள், அண்ணா” என்றான். இழுத்தேன். வாளி கட்டாத கிணற்றுக் கயிறு போல வந்தது. “பார்த்தீர்களா? கம்ப்ரஷனே இல்லை. பிஸ்டன், ரிங் எல்லாம் போய்விட்டது” என்றான். கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் இறுக்கம். அது இல்லை என்று என் கையே சாட்சி சொல்லும்போது நான் என்ன பேசுவது?

இரண்டு நாள் கழித்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது: பிஸ்டன் கிட் 1,450, கார்புரேட்டர் 950, பிளக் 180, கூலி 800. மொத்தம் 3,380 ரூபாய். பழைய பிஸ்டனைக் கேட்டேன். முகம் சுளிக்காமல் ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். நேர்மையான மனிதர் என்று வீட்டில் வந்து சொல்லவும் செய்தேன்.

மிஷின் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் பழைய கதை.

இங்கே என் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு கேனில் ஜனவரியிலிருந்தே கிடந்தது. கடைக்காரர் ஊற்றிக் கொடுத்த புது பெட்ரோல் தீர்ந்ததும் அதைத்தான் ஊற்றினேன். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். மிஷினின் டியூப் பெட்ரோலை உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். கார்புரேட்டருக்குள் நின்றுபோன பெட்ரோலோ காய்ந்து பிசினாகி, ஊசிமுனை அளவு துளைகளை அடைத்துவிடும். முதல் தடவை மிஷின் கிளம்பாததற்குக் காரணமும் இதுவேதான். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாம் முறை கொண்டுபோகும் முன் என் மனைவியின் தம்பி வந்தான். கோவையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். கவரைக் கழற்றி, என் மகளின் நகப்பூச்சை வாங்கி, சிலிண்டரை இறுக்கியிருக்கும் நான்கு போல்ட்டுகளிலும் பிளைவீல் நட்டிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தான். தலையிலும் அடியிலும் ஒட்டினாற்போல, திருப்பினால் விரிசல் விடும்படி. “சும்மா இருக்கட்டும் மச்சான்” என்றான். சந்தேகப் பிராணி என்று மனதுக்குள் நினைத்தேன்.

இந்த முறை கடையில் சொன்னது: “கிராங்க் சீல், இன்ஜினுக்குள் இருக்கிற ரப்பர் வளையம், லீக். இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும். 2,600 ஆகும்.” கொடுத்தேன். மூன்றாம் நாள் மிஷின் வந்தது, ஓடவும் ஓடியது. வீட்டுத் திண்ணையில் வைத்துக் கவரைக் கழற்றினோம். ஐந்து சிவப்புச் சொட்டும் வைத்தது வைத்தபடி பளபளவென்று இருந்தன. மயிரிழை விரிசல்கூட இல்லை. பிரிக்காத இன்ஜினுக்குள் சீல் எப்படிப் போனதோ!

பிறகு சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்று வாரங்களுக்கு முன் போட்ட ‘புது’ பிஸ்டனின் தலையில் தோசைக்கல் கரி போலக் கறுப்பு அப்பியிருந்தது. ‘புது’ கார்புரேட்டரின் இடுக்குகளில் போன வருடத்துப் புல்சாறு காய்ந்து பச்சையாக ஒட்டியிருந்தது. பாலிதீன் பையில் இருந்த பழைய பிஸ்டனை மச்சினன் பட்டறைக்குக் கொண்டுபோய் வெர்னியர் அளவுகோல் வைத்து அதன் குறுக்களவைப் பார்த்துவிட்டுப் போன் செய்தான்: 40 மில்லிமீட்டர். 52 சிசி இன்ஜினில் இருப்பது 44 மில்லிமீட்டர் பிஸ்டன். 40 என்பது 43 சிசி மிஷினுடையது. யார் வீட்டு மிஷினின் பிஸ்டனையோ மூன்று வாரமாக என் அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தேன்.

கம்ப்ரஷன் இல்லாமல் போன மர்மமும் அன்றே விடுபட்டது. பிளக்கை ஒன்றரைச் சுற்று தளர்த்திவிட்டுக் கயிற்றை இழுத்தேன். காற்று அந்த இடுக்கு வழியே கசிந்துவிட, அதே வாளியில்லாக் கிணறு. பிளக்கை இறுக்கிவிட்டு மெதுவாக இழுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கனமாகப் பிடித்துப் பிறகு விட்டது. இப்படிப் பிடித்துவிடுகிற இன்ஜினுக்குப் பிஸ்டன் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கடையில் சோதித்தால் பிளக் இறுகியிருக்கிறதா என்று உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள்.

பிஸ்டனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், அண்ணா” என்றார். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும், பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில் அரை லிட்டர் டப்பா ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் எடுக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் கேட்டது பில். என்னிடம் இருப்பது கடைப் பெயரோ முத்திரையோ தேதியோ இல்லாத இரண்டு துண்டுச்சீட்டுகள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் இந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? கடையின் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். பணம் கொடுக்கும் முன் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். ‘பில் போட்டால் கூட ஆகும்’ என்று என்னிடமும் சொன்னார்கள். அந்தக் கூடுதலைக் கொடுத்திருக்கலாம்.

மிஷின் மறுபடி மக்கர் செய்தபோது பட்டறையிலேயே கார்புரேட்டரைப் பிரித்தோம். உள்ளே பெட்ரோலை அளந்துவிடும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு காய்ந்த அப்பளம் போல விறைத்திருந்தது. 120 ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டு, துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, டேங்குக்குள் கிடக்கும் சின்ன பில்டரையும் மாற்றினோம். லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து புது பெட்ரோல் ஊற்றினேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக அணையும் வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன். நகப்பூச்சுச் சொட்டுகளை அழிக்கவில்லை.