சாலை ரேஸுக்குச் சட்டப்படியான மாற்றுகள்: டிராக் ஸ்ட்ரிப் முதல் கார்ட்டிங் வரை ஒரு மதிப்பீடு

ராத்திரியில் சாலையில் ரேஸ் விடுபவரிடம் அபராதத்தைப் பற்றியும் லைசென்ஸ் ரத்தாவதைப் பற்றியும் மட்டும் பேசினால் அவர் இடத்தை மாற்றுவார், பழக்கத்தை மாற்ற மாட்டார். அவருக்கு வேண்டியது பக்கத்து லேனில் நிற்கும் ஒரு எதிராளி. யார் முந்தினார் என்பதற்கு ஒரு முடிவு. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வேகமாக ஓட்டத் தரும் சேவைகளில் பரவலாகக் கிடைப்பவை டிராக் ஸ்ட்ரிப்பின் (இரண்டு வண்டிகள் அருகருகே நின்று கிளம்பி நேர்கோட்டில் ஓடும் தடம்) பொது ஓட்ட இரவு, ட்ராக் டே, ஆட்டோகிராஸ், வாடகை கார்ட்டிங் (தரையை ஒட்டிய சின்னத் திறந்த வண்டிகளில் ஓட்டுவது). இந்த நான்கும் ஒரே பசியைத் தீர்ப்பவை அல்ல. எது எவருக்குப் பொருந்தும், எதற்கு எவ்வளவு தயாரிப்பு வேண்டும், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

அதற்கு முன் சாலையைப் பற்றி ஒரு கணக்கு. நல்ல டயரும் காய்ந்த தாரும் இருந்தால், 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 18 மீட்டரில் நிற்கும். வேகம் 120 ஆனால் அது 36 மீட்டர் ஆவதில்லை, 71 மீட்டர் ஆகிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு என்பதுதான் காரணம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக 1 வினாடி என்று வைத்தால், அதற்குள் இன்னும் 33 மீட்டர் ஓடிவிடும். 160-ல் இரண்டும் சேர்ந்து 170 மீட்டர். சந்திலிருந்து விளக்கில்லாமல் வெளியே வரும் சைக்கிளை 170 மீட்டருக்கு முன்பே சாதாரண ஹெட்லைட் காட்டித் தராது. சாலையைக் கடக்க நிற்பவரோ, தூரத்தில் தெரியும் விளக்கு 50, 60 வேகத்தில் வருகிறது என்று நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறார். ஓட்டுநர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்த மீட்டர்கள் குறைவதில்லை.

நான்கில் முதல் இடம் டிராக் ஸ்ட்ரிப்புக்கு. சாலை ரேஸுக்கு நேரடி மாற்றாக இருக்க வேண்டும் என்றே வளர்ந்த விளையாட்டு இது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1950-ல் சாண்டா ஆனா விமான ஓடுதளத்தில் டிராக் ஓட்டங்கள் தொடங்கின. அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் டிராக் ஓட்டங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பைத் தொடங்கியதன் நோக்கமே தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்களை விதிகளுள்ள இடத்துக்குக் கொண்டுவருவதுதான். அதே நாட்டில் போலீஸ்காரர்களே டிராக் காரில் வந்து இளைஞர்களோடு ஓட்டும் ‘பீட் தி ஹீட்’ என்ற திட்டமும் உண்டு.

பொது ஓட்ட இரவு என்றால் இதுதான்: கட்டணம் கட்டி, நீங்கள் தினமும் ஓட்டும் வண்டியையே கொண்டுபோகலாம். வாசலில் பரிசோதனை. பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்கிறதா, ஆயிலோ கூலண்ட்டோ ஒழுகுகிறதா, டயரில் நூல் தெரிகிறதா, வீல் நட் எல்லாம் இருக்கிறதா, சீட் பெல்ட் பிடிக்கிறதா, ஆக்சிலரேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். பலர் திருப்பி அனுப்பப்படுவது ஒழுகலால். ஒரு கைப்பிடி ஆயில் தளத்தில் சிந்தினாலும் அதைத் துடைத்து முடிக்கும்வரை எல்லாருடைய ஓட்டமும் நிற்கும். முந்தின நாளே வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்து, காலையில் அதில் கறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தொடக்கக் கோட்டுக்குச் சற்று முன்னால் டயரை நனைத்துச் சுழற்றிச் சூடேற்றும் ஈரத் தளம் இருக்கும். காடிகளுள்ள சாதாரண சாலை டயர் போட்டிருப்பவர் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். காடிகள் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து கோட்டிலேயே சொட்டவிடும். கிளம்பும்போது சக்கரம் வழுக்கும், பின்னால் வருபவருக்கும் வழுக்கும். முதல்முறை வருபவர்கள் அநேகமாக எல்லாரும் தவறுவது இங்கேதான். இயக்கும் சக்கரங்களில் காற்றை 3, 4 பிஎஸ்ஐ குறைத்தால் பிடிமானம் கொஞ்சம் கூடும். அதற்கு மேல் இறக்கினால் வேகத்தில் வண்டி தள்ளாடும். ஓட்டம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புமுன் திரும்ப நிரப்ப மறக்கக் கூடாது.

கோட்டில் இரண்டு ஒளிக்கற்றைகள் உண்டு. முன்சக்கரம் முதலாவதை மறைத்தால் எதிரே உள்ள விளக்குக் கம்பத்தின் மேல் விளக்கு எரியும். இன்னும் சில அங்குலம் நகர்ந்து இரண்டாவதையும் மறைத்தால் நீங்கள் தயார். இருவரும் தயாரானதும் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். கடைசி மஞ்சளுக்கு அரை வினாடி கழித்துப் பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம்தான். பழகியவர்கள் கடைசி மஞ்சளிலேயே கிளட்சை விடுவார்கள். சீக்கிரம் விட்டால் சிவப்பு, ஓட்டம் தோல்வி.

முடிவில் கையில் கிடைக்கும் டைம் ஸ்லிப்தான் இந்தச் சேவையின் உயிர். அதில் எதிர்வினை நேரம் (பச்சை விழுந்து வண்டி நகரும்வரை ஆனது), முதல் 18 மீட்டருக்கு ஆன நேரம், 201 மீட்டர், 402 மீட்டர் நேரங்கள், கடைக்கோடி வேகம் எல்லாம் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். சாலையில் யார் ஜெயித்தார் என்பது கடைசிவரை வாய்ச்சண்டை. இங்கே வாய்க்கு வேலையில்லை. எங்கே கோட்டைவிட்டோம் என்பதும் அதிலேயே தெரியும்: கடைக்கோடி வேகம் நன்றாக இருந்து மொத்த நேரம் மோசம் என்றால் இன்ஜினில் குறையில்லை, கிளம்பிய விதத்தில்தான் குறை. முதல் 18 மீட்டரில் 0.1 வினாடி மிச்சமானால் முழுத் தூரத்தில் பொதுவாக 0.15 முதல் 0.2 வரை மிச்சமாகும். ஆகவே பவர் கூட்டும் பாகங்களை வாங்குமுன் கிளம்பப் பழகுவதே லாபம்.

எதிர்வினை நேரம் ஓட்ட நேரத்தில் சேராது. வண்டி ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். அதனால்தான் ஓட்ட நேரம் குறைவாக இருந்தும் தாமதமாகக் கிளம்பித் தோற்றவர் ஸ்லிப்பை வைத்துக்கொண்டு சண்டைக்கு வருவார். நல்ல நடத்துநர்கள் இதைத் தொடக்கத்திலேயே விளக்கிவிடுகிறார்கள்.

பிராக்கெட் முறை வைத்திருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். உங்கள் வண்டி எத்தனை வினாடியில் முடிக்கும் என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் 17.50, மற்றவர் 13.00 என்றால் முதலாமவருக்கு 4.5 வினாடி முன்னதாகப் பச்சை விழும். சொன்ன நேரத்தைவிட வேகமாக முடித்தால் அவர் தோற்றவர், ஆகவே ஏமாற்றவும் முடியாது. குடும்பக் காரில் வருபவர் விலையுயர்ந்த வண்டியைத் தோற்கடிக்கலாம். தெருவில் வண்டியின் விலைதான் பேசும். இங்கே பேசுவது கையும் கவனமும். இளைஞர்களைத் தக்கவைக்க இதைவிட நல்ல ஏற்பாடு எங்கள் கண்ணில் படவில்லை.

குறைகளும் உண்டு. கூட்டமான இரவில் பெரும்பகுதி நேரம் வரிசையில் கழியும். கிளட்ச் ஆறுவதற்குள் மறுபடி கிளம்பினால் கருகல் வாசனை வரும். அப்போதே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஓட்டத்தில் கிளட்ச் தட்டே போய்விடும். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது முடிவுக் கோட்டுக்கு அப்பால் நிற்க எவ்வளவு நீளம் இருக்கிறது, அதன் கடைசியில் மணல் படுகையோ வலையோ உண்டா என்பதை. அடுத்தது, ஆம்புலன்ஸ் உள்ளேயே நிற்கிறதா, அது வெளியே போனால் ஓட்டத்தை நிறுத்துகிறார்களா. பைக்கையும் காரையும் ஒரே ஜோடியாக விடும் இடத்துக்குப் போகாதீர்கள்.

ட்ராக் டே வேறு ரகம். வளைவுகள் நிறைந்த பந்தயத் தடத்தை நாள் வாடகைக்கு எடுத்து, புதியவர், இடைநிலை, அனுபவசாலி என்று பிரித்து, 15 முதல் 20 நிமிடத் தவணைகளாக ஓட்ட விடுவார்கள். இது போட்டியே அல்ல. முந்துவதற்குக் குறித்த இடங்கள் மட்டும். பல இடங்களில் முன்னால் போகிறவர் கைகாட்டினால்தான் முந்தலாம். நேரம் அளக்கவும் பல நடத்துநர்கள் தடை போடுகிறார்கள். எதிராளி வேண்டும் என்று வருபவருக்கு இது சப்பென்று இருக்கும். வண்டியை உண்மையிலேயே ஓட்டத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவருக்கு இதற்கு ஈடில்லை, முக்கியமாக அருகில் பயிற்றுநர் உட்கார்ந்தால்.

இங்கே முதலில் கைவிடுவது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்ச அளவு புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155. சாலையில் அந்தச் சூடு வராது. தடத்தில் சில சுற்றுகளிலேயே வந்துவிடும். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும். ஆகவே போவதற்கு முன் புது ஆயில் மாற்றிக் காற்று நீக்குங்கள், பிரேக் பேடில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கட்டும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் அது பேட் சூடேறி வழுக்குவது. அதற்கு ஆயில் மாற்றிப் பயனில்லை, சூடு தாங்கும் பேட் வேண்டும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போட வேண்டாம், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டிஸ்கைப் பேட் ஒரே இடத்தில் கவ்விப் பிடித்தால் அந்த இடத்தில் பேடின் படிவு ஒட்டிக்கொண்டு, பிறகு பிடிக்கும்போதெல்லாம் அதிரும். முதல் தவணை முடிந்ததும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) சரிபாருங்கள். டயர்ச் சூட்டில் ஏறிய காற்றழுத்தத்தையும் அப்போதே அளந்து இறக்குங்கள்.

பைக் என்றால் உடல் முழுக்க லெதர், முதுகுக் காப்பு, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ். பின்பார்வைக் கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும், விளக்குகளில் டேப் ஒட்ட வேண்டும். கிளைகால் என்ற ரசாயனம் கலந்த கூலண்ட்டைப் பல தடங்கள் பைக்குக்கு அனுமதிப்பதில்லை; சிந்தினால் எளிதில் காயாது, சோப்பு போல வழுக்கும். அதை வடித்துச் சுத்தமான தண்ணீர் ஊற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஹெல்மெட்டில் ஒரு தெளிவு வேண்டும். ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் தரத்தில் ‘எம்’ பைக்குக்கு, ‘எஸ்ஏ’ காருக்கு. எஸ்ஏ வகையின் உள்துணி தீயைத் தாங்கும். கார் உருண்டால் காக்கும் உருள்கூண்டுக் குழாயில் தலை மோதுவதற்கான சோதனையும் அதற்கு உண்டு. சில இடங்களில் காருக்கு எம் போதும், சில இடங்களில் போதாது. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாதாரண வாகனக் காப்பீடு தடத்தில் நேரும் சேதத்துக்குப் பொதுவாகச் செல்லாது. தடுப்புச் சுவரை இடித்தால் அதன் செலவையும் உங்களிடமே வாங்கும் இடங்கள் உண்டு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபெயை இங்கே சொல்லியாக வேண்டும். 20.832 கி.மீ. நீளமான அந்தத் தடத்தில் பொதுமக்கள் ஓட்டும் நேரங்களை ட்ராக் டே என்று நினைத்துப் பலர் போகிறார்கள். சட்டப்படி அப்போது அது ஒருவழிச் சுங்கச் சாலை. சாலை விதிகளே பொருந்தும், இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும், நேரம் அளக்கக் கூடாது. குடும்பக் காரிலிருந்து அதிவேக ஸ்போர்ட்ஸ் கார்வரை ஒன்றாக ஓடும். முதல் அனுபவத்துக்கு ஏற்ற இடம் அல்ல.

ஆட்டோகிராஸைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பெரிய வாகன நிறுத்தத்தில் கூம்புகளை அடுக்கி, கடிகாரத்துக்கு எதிராகத் தனித்தனியாக ஓட்டுவது. ஒரு ஓட்டம் 1 நிமிடம் அளவில் முடிந்துவிடும். அமெரிக்காவின் கார் விளையாட்டுச் சங்கமான எஸ்.சி.சி.ஏ. விதிப்படி கூம்பைத் தட்டினால் 2 வினாடி தண்டம். தவறினால் போவது ஒரு பிளாஸ்டிக் கூம்பு. அதனால் வண்டி பிடியை இழப்பது எப்படி இருக்கும் என்பதைப் பயமில்லாமல் கற்க முடிகிறது. நான்கில் காசுக்கு அதிகம் கற்றுத் தருவது இதுதான். கூம்புகளை எடுத்து வைக்கும் வேலையிலும் முறை போட்டு எல்லாரும் நிற்க வேண்டும். வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

வாடகை கார்ட்டிங்குக்குச் சொந்த வண்டியே வேண்டாம். நேருக்கு நேர் போட்டி, சுற்றுக்குச் சுற்று நேரம், இரண்டும் கிடைக்கும். ஓட்டுநர் எடையைச் சமன்செய்யும் இடமா என்று மட்டும் பாருங்கள். 20 கிலோ வித்தியாசம் அந்தச் சின்ன இன்ஜினுக்குப் பெரிது.

இந்தச் சேவைகளை நடத்துபவர்களுக்கும் ஒன்று. சாலை ரேஸ் நடப்பது வார இறுதி இரவில். ஞாயிறு காலை 7 மணிக்குப் பதிவு, இரண்டு வாரம் முன்பே முழுக் கட்டணம் என்று வைத்தால் அந்தக் கூட்டம் வராது. சான் டியேகோவில் ‘ரேஸ் லீகல்’ திட்டம் விளையாட்டரங்கின் வாகன நிறுத்தத்திலேயே 201 மீட்டர் ஓட்டத்துக்கு இடம் தந்தது. அந்தத் தூரம் சரியான தேர்வு. வேகமும் குறைவு, நிற்கத் தேவையான இடமும் குறைவு. வாசலிலேயே பதிவு, வாடகைக்கு ஹெல்மெட், பார்வையாளர்களுக்குத் தடுப்புக்குப் பின்னால் நல்ல இடம், நள்ளிரவு வரை திறந்த வாசல் என்று இருந்தால்தான் தெருவில் கூடுகிறவர்கள் இங்கே கூடுவார்கள். வண்டியில் செய்த மாற்றங்களைக் குறித்துக்கொண்டு வாசலிலேயே அபராதம் போட்டால் அடுத்த வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பாதுகாப்புக் குறை இருந்தால் என்ன சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கட்டணத்தை அடுத்த இரவுக்கு வரவு வையுங்கள்.